தேய்ந்துபோன அளவுகோல்

ஸ்டோர் அக்கா இறந்த மறுநாள் வீடு நிறைய ஆட்கள். சோப்புத் தொழிற்சாலை மொத்தமும் வந்து போனது. வந்தவர்களில் ஆண்கள் அந்த அளவுகோல் தேய்ந்துபோன கதையைச் சொன்னார்கள். "பாவம், அக்கா பொறுப்புல இருந்த கோல்தான். மரம் தேயத்தானே செய்யும்" என்றார்கள். பெண்கள் அதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். அழுகிறார்கள் என்று பார்த்தால், தோள் குலுங்கியது வேறு காரணத்துக்காக. ஏணி என்று எல்லோரும் கூப்பிடும் நெட்டைக்காரி மட்டும் அடக்க முடியாமல் எழுந்து வெளியே போய்விட்டாள்.

நடந்தது இதுதான்.

அக்கா தொழிற்சாலையின் ஸ்டோரில் வேலை பார்த்தாள். கையுறை, ஸ்பேனர், பல்பு, கயிறு, துடைக்கிற துணி என எது வேண்டுமானாலும் அவள் ஜன்னலுக்கு முன் வந்து நிற்க வேண்டும். பழையதைக் கொடுத்தால்தான் புதியது கிடைக்கும். மேனேஜரே ஒருமுறை பழைய துடைப்பம் இல்லாமல் வந்து வெறுங்கையோடு திரும்பினார். வாலிபால் பந்தும் அவளிடம்தான் இருந்தது. மாலையில் அவள்தான் எடுத்துக் கொடுப்பாள். ஆடி முடித்ததும் எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்கி வைப்பாள்.

பந்தோடு சேர்த்து அந்தக் கோலும் அவள் பொறுப்பு. ஆளை விட உயரமான மரக்கோல். சிவப்பும் வெள்ளையும் மாறி மாறிப் பட்டை அடித்திருந்தது. அடியில் ரப்பர் பூண். கோலின் உச்சி எங்கே நிற்கிறதோ அங்கே நெட்டின் மேல்கயிறு நிற்க வேண்டும். ஆண்கள் ஆடும் உயரம், இரண்டு மீட்டர் நாற்பத்து மூன்று.

கோலை வைத்துப் பார்க்காமல் ஆட்டம் தொடங்காது. அது கேப்டன் போட்ட சட்டம். கேப்டன் பாய்லர் அறையில் போர்மேன். தொழிற்சாலை வாலிபால் அணிக்குப் பல வருடங்களாகத் தலைவர். ஸ்டோர் அக்காவுக்குக் கணவர். அவர் கோலை ஊன்றி, ஒரு கண்ணை மூடி, கயிற்றைப் பார்ப்பதைப் பார்த்தால் யாரோ பாலம் கட்டுகிறார்கள் என்று தோன்றும். நெட்டை இரண்டு பக்கமும் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு கண்ணி ஏற்றலாம், ஒரு கண்ணி இறக்கலாம். ஆனால் அதைத் தொடும் உரிமை அவர் ஒருவருக்கே.

அக்காவும் பள்ளிக்கூடத்தில் வாலிபால் ஆடியவள்தான். நன்றாகவே ஆடினாள். பதினாறு வயதில், "போதும், பந்தைக் கொடுத்துட்டு வா" என்று வீட்டில் சொன்னார்கள். கொடுத்துவிட்டு வந்தாள். அதே பந்தில் அவள் தம்பி இன்னும் எட்டு வருடம் ஆடினான். பிறகு அவள் வேலைக்கு வந்தாள், பந்துகளுக்குக் காவல் இருந்தாள். வாழ்க்கை சில சமயம் இப்படித்தான் கிண்டல் செய்யும்.

தொழிற்சாலையில் ஆண்களை விடப் பெண்கள் அதிகம். சோப்பைக் காகிதத்தில் சுற்றுவது, பெட்டியில் அடுக்குவது, லேபிள் ஒட்டுவது எல்லாம் அவர்கள் வேலை. ஆனால் மைதானம் ஆண்களுடையது. பெண்களுக்கு ஆண்டு விழாவில் நாற்காலியைச் சுற்றி ஓடும் போட்டி இருந்தது. ஊசியில் நூல் கோர்க்கும் போட்டியும் இருந்தது. முதல் பரிசு எவர்சில்வர் கிண்ணம். இரண்டாம் பரிசு சின்ன எவர்சில்வர் கிண்ணம்.

அந்த வருடம் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. விளையாட்டில் பெண்களும் பங்கெடுக்க வேண்டுமாம். மேனேஜர் செவ்வாய், வெள்ளி இரண்டு மாலைகளைப் பெண்களுக்கு ஒதுக்கினார். கேப்டனின் ஆட்கள் போய் முறையிட்டார்கள். மேனேஜர் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தார். மூன்று மாதம் பார்ப்போம். இரண்டு அணிக்கு ஆள் சேரவில்லை என்றால் மைதானம் பழையபடி ஆண்களுக்கே.

அக்கா ஜன்னலை விட்டு வெளியே வந்தாள். ஒவ்வொரு மேசையாகப் போய் ஆள் பிடித்தாள். லேபிள் பிரிவில் இருந்த நெட்டைப் பெண்ணை எல்லோரும் ஏணி என்று கூப்பிடுவார்கள். அவளை முதலில் பிடித்தாள். கேன்டீன் அத்தையைக் கூடச் சேர்த்தாள். அத்தைக்கு ஐம்பது நெருங்கியிருந்தது. "குனிஞ்சா நிமிர மாட்டேன், நிமிர்ந்தா குனிய மாட்டேன். எது வேணும் சொல்லு" என்றாள் அத்தை. "நிமிர்ந்தே நில்லு அத்தை, போதும்" என்றாள் அக்கா.

முதல் செவ்வாய் இருபது பேர் வந்தார்கள். பந்து நெட்டைத் தாண்டவில்லை. சர்வீஸ் போட்டால் நெட்டில் மோதியது. தப்பித் தவறித் தாண்டிய பந்து திரும்பி வரவில்லை. ஏணி எகிறினாலும் அவள் விரல் நுனிதான் கயிற்றுக்கு மேலே தெரிந்தது. மற்றவர்கள் நெட்டுக்குக் கீழே நின்று, கொடிக்கயிற்றில் துணி எடுக்க வந்தவர்கள் மாதிரி அண்ணாந்து பார்த்தார்கள். சுவரோரம் ஆண்கள் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றார்கள்.

"அக்கா, கீழ்ப்பக்கமா உருட்டி விடுங்க, அதுவும் பாயிண்ட்டுதான்னு கேப்டன் அண்ணன்கிட்ட சொல்லி வைக்கிறோம்" என்றான் ஸ்பிரிங். அணியில் அதிகம் எகிறுகிறவன் அவன்.

அடுத்த வாரம் பதினாறு பேர். அதற்கடுத்து பதினான்கு. வராதவர்களிடம் காரணங்கள் இருந்தன. ஒருத்திக்கு வீட்டில் விருந்தாளி. ஒருத்தியின் மாமியாருக்குக் கண்வலி. ஒருத்தியின் பிள்ளைக்குக் கணக்குப் பாடம். ஆண்களில் யாருக்கும் ஆட்டத்தன்று விருந்தாளி வந்ததாகவோ பிள்ளை கணக்கில் திணறியதாகவோ சரித்திரம் இல்லை. ஆனால் அக்காவுக்குத் தெரியும், உண்மையான காரணம் அதுவல்ல. தோற்றால்கூட நாளைக்கு வருவார்கள். ஆட்டமே நடக்காவிட்டால் எதற்கு வருவார்கள்?

இரவுச் சாப்பாட்டின்போது கணவரிடம் கேட்டாள். அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு ஒரு கால் குட்டை. சாய்ந்து சாய்ந்து ஆடும்.

"என்னங்க, செவ்வாய் வெள்ளி மட்டும் நெட்டை இறக்கிக் கட்டிக்கலாமா? பெண்கள் உயரம் இரண்டு மீட்டர் இருபத்து நாலுதானே. உலகம் பூரா அப்படித்தான் ஆடுறாங்க."

"இறக்கிட்டு?"

"ஆடிட்டு ஏத்தி வச்சிடுறோம்."

"ஏத்தி வைப்பீங்க. ஒரு பக்கம் ஒரு கண்ணி கூட இருக்கும், ஒரு பக்கம் குறைச்சலா இருக்கும். என் ஆளுங்க ஆட்டம் கெட்டுப்போகும். நெட்டுல யாரும் கை வைக்கக் கூடாது. அவ்வளவுதான்."

"எட்டலைங்க."

"எட்டலைன்னா எகிறணும். நாங்க மட்டும் பிறக்கும்போதே எட்டிக்கிட்டா பிறந்தோம்?" என்று மேசையைத் தட்டினார். குழம்புக் கிண்ணம் அவர் பக்கமே சாய்ந்தது. அக்கா துணியை எடுத்துக் கொடுத்தாள்.

அவள் வாக்குவாதம் செய்யவில்லை. நெட்டில் கை வைக்கக் கூடாது என்றுதானே சொன்னார்? கோலில் கை வைக்கக் கூடாது என்று சொல்லவில்லையே.

மறுநாள் மதியம் ஸ்டோர் ஜன்னலைச் சாத்தினாள். கோலைப் படுக்க வைத்தாள். ரப்பர் பூணைக் கழற்றினாள். அடிப்பட்டை சிவப்பு, ஒரு சாணுக்கும் மேல் நீளம். ஸ்டோரில் வாளுக்கா பஞ்சம்? ஒரு விரல் கனத்துக்கு ஒரு வில்லையை அறுத்தாள். பூணைத் திருப்பி மாட்டினாள். கோலை அதன் மூலையில் சாய்த்து வைத்தாள். தூளைப் பெருக்கிவிட்டு ஜன்னலைத் திறந்தபோது வெளியே ஒருவன் பழைய பல்போடு நின்றிருந்தான்.

"என்னக்கா, உள்ள ஏதோ அறுக்கிற சத்தம்?"

"எலி" என்றாள் அக்கா. "பெரிசு."

அன்று மாலை கேப்டன் கோலை ஊன்றினார். ஒரு கண்ணை மூடினார். புருவம் ஏறியது.

"யாருடா நெட்டைத் தொட்டது? ஒரு கண்ணி ஏறியிருக்கு."

"நாங்க தொடலைண்ணே."

"கோல் பொய் சொல்லாது. இறக்கு அந்தப் பக்கம்."

அவரே ஸ்டூல் போட்டு ஏறி, தன் கையாலேயே, ஒரு கண்ணி இறக்கிக் கட்டினார். அக்கா ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு பார்த்தாள். நல்ல காட்சிதான்.

அதன் பிறகு வாரத்துக்கு ஒரு வில்லை. வாரத்துக்கு ஒருமுறை கேப்டன் யார் மேலாவது எரிந்து விழுந்துவிட்டு நெட்டை இறக்குவார். வெயிலில் சங்கிலி சுருங்குகிறது என்று அவரே ஒரு விளக்கமும் கண்டுபிடித்தார். பாய்லர் அறையில் முப்பது வருடம் இருந்தவர் இரும்பு சூட்டில் சுருங்கும் என்று சொன்னால் யார் எதிர்த்துப் பேசுவது?

வில்லைகளை அக்கா எறியவில்லை. பழையதை எறிகிற வழக்கமே அவளிடம் இல்லை. முதல் வில்லை சாப்பாட்டு மேசையின் குட்டைக் காலுக்குக் கீழே போனது. மேசை ஆடுவது நின்றது. அடுத்தது, கைப்பிடி உடைந்த சட்டி மூடிக்குக் குமிழ் ஆனது. ஒன்று தையல் மெஷினுக்கு அடியில் போனது. ஒன்று காற்றில் அடித்துக்கொள்ளும் ஜன்னல் கதவுக்கு முட்டுக் கொடுத்தது. வீட்டில் எது ஆடினாலும் எது சாய்ந்தாலும் அந்த வாரத்து வில்லையால் சரியாகிக்கொண்டே வந்தது.

மைதானத்தில் இரண்டு அதிசயங்கள் நடந்தன. முதல் அதிசயம் பெண்கள் பக்கம். பந்து நெட்டைத் தாண்டியது. தாண்டிய பந்து திரும்பியும் வந்தது. பத்துத் தடவைக்கு மேல் கீழே விழாமல் தட்டி ஆடினார்கள். ஏணி ஒரு வெள்ளிக்கிழமை நெட்டுக்கு மேலே எழும்பி அடித்த அடியில் பந்து கேன்டீன் அத்தையின் காலடியில் விழுந்தது. அத்தை பந்தைப் பார்த்தாள், ஏணியைப் பார்த்தாள். "இத்தனை நாளா இதை எங்கடி வச்சிருந்தே?" என்றாள். விருந்தாளிகள் வருவது குறைந்தது. மாமியாரின் கண்வலி தீர்ந்தது. ஆள் அதிகமாகி, காத்திருந்து உள்ளே வர வேண்டியதாயிற்று.

இரண்டாவது அதிசயம் கேப்டன். முழங்கால் வலியால் அந்த வருடத்தோடு ஆட்டத்தை விட்டுவிடலாம் என்று நினைத்திருந்தவர், மறுபடி ஸ்மாஷ் அடிக்க ஆரம்பித்தார். தினமும் சாப்பாட்டில் அதே பேச்சு.

"இன்னைக்கு ஒண்ணு அடிச்சேன் பாரு. ஸ்பிரிங்கே வாயைப் பிளந்துட்டான். இருபத்தஞ்சு வயசுல கூட இப்படி எகிறினது இல்ல."

"அப்படியா?" என்றாள் அக்கா, இன்னொரு கரண்டி போட்டு.

"உடம்பு ஒரு மாதிரி லேசா இருக்கு. நீ சமையல்ல ஏதாச்சும் மாத்தினியா?"

"உப்பைக் கொஞ்சம் குறைச்சேன்."

"அதான்" என்றார். ஆடாத மேசையில் திருப்தியாக ஒரு தட்டுத் தட்டினார். காலுக்குக் கீழே சிவப்பு விளிம்போடு அவருடைய உயரம் உட்கார்ந்திருந்தது.

கடைசி வில்லை அறுத்தபோது கோலில் சிவப்பு ஒரு நூல் அளவுக்குத்தான் மிஞ்சியது. டேப்பை வைத்துப் பார்த்தாள். இரண்டு இருபத்து நாலு. வாளை ஆணியில் மாட்டினாள்.

மூன்று மாதம் முடிய ஒரு வாரம் இருந்தபோது, ஆண்கள் அணி பாட்டில் தொழிற்சாலைக்கு ஆடப் போனது. எகிறுகிற எகிறில் கோப்பையைக் கையோடு கொண்டுவரப் பை எடுத்துப் போனார்கள். பை காலியாகத் திரும்பியது. அடித்த பந்தெல்லாம் நெட்டிலேயே போய் அறைந்ததாம். ஸ்பிரிங் ஒருமுறை நெட்டிலேயே சிக்கி, இரண்டு பேர் பிரித்து எடுக்க வேண்டியிருந்ததாம்.

கேப்டன் வீட்டுக்கு வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"ஏமாத்திட்டானுங்க. நெட்டை ஏத்திக் கட்டி வச்சிருக்கானுங்க. நாங்க தினம் ஆடுறவங்க, எங்களுக்குத் தெரியாதா?"

"சரி விடுங்க. ஒரு ஆட்டம்தானே."

"விடுறதா? ஞாயித்துக்கிழமை நம்ம கோலை எடுத்துக்கிட்டுப் போறோம். அம்பயர் முன்னாடி ஊன்றிக் காட்டுறோம். மறுபடியும் ஆட வைக்கிறோம்."

அக்காவுக்குக் கையிலிருந்த தண்ணீர்ச் செம்பு கனத்தது. கோல் போனால் டேப் வரும். டேப் வந்தால் குட்டு உடையும். நெட் மறுபடி மேலே போகும். கடைசி வாரத்தில் பெண்கள் அண்ணாந்து பார்த்து நிற்பார்கள். செவ்வாயும் வெள்ளியும் கைவிட்டுப் போகும். அவளை ஸ்டோரிலிருந்து தூக்கினாலும் தூக்குவார்கள். அது கூடப் பரவாயில்லை. ஏணி அடித்த அந்த அடி?

கோலை ஒளித்து வைக்கலாமா என்று யோசித்தாள். ஒளித்தால் புதுக்கோல் செய்வார்கள், அதுவும் டேப் வைத்து. எந்தப் பக்கம் போனாலும் டேப் நின்றது.

"ஸ்டோர்ப் பொருள் வெளிய போனா நானும் கூட வரணும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை லாரியில் கோலை நடுவில் படுக்க வைத்து, இரண்டு பக்கமும் ஆட்கள் உட்கார்ந்து போனார்கள். கேப்டன் அதன் மேல் கையை வைத்தபடியே வந்தார். அக்கா டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள்.

பாட்டில் தொழிற்சாலை மைதானத்தில் அம்பயர் காத்திருந்தார். பள்ளிக்கூடத்து பி.டி. மாஸ்டர், நிதானமான மனிதர். கேப்டன் நெட்டுக்குப் பக்கத்தில் கோலை ஊன்றினார். கயிறு ஒரு சாண் மேலே நின்றது.

"பாத்தீங்களா சார்? பாத்தீங்களா?"

மாஸ்டர் பையிலிருந்து ஸ்டீல் டேப்பை எடுத்தார். முதலில் நெட்டை அளந்தார். "இரண்டு நாற்பத்து மூணு. சரியா இருக்கு." பிறகு கோலைப் படுக்க வைத்து அளந்தார். மறுமுறையும் அளந்தார்.

"இரண்டு இருபத்து நாலு" என்றார். "இது பெண்கள் உயரம் ஆச்சே."

பாட்டில்காரர்கள் பக்கம் யாரோ மூக்கால் சிரித்தார்கள். மாஸ்டர் ரப்பர் பூணைக் கழற்றிக் கோலின் அடியைத் திருப்பிக் காட்டினார். வெள்ளை வெளேரென்று புது மரம். சுற்றி ஒரு நூல் சிவப்பு.

கேப்டன் அந்தச் சிவப்பைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். வட்ட மரம், சிவப்பு விளிம்பு. அதை எங்கேயோ பார்த்திருக்கிறார். தினமும் பார்த்திருக்கிறார். விழுந்த சோற்றுப் பருக்கையை எடுக்கக் குனியும்போதெல்லாம் பார்த்திருக்கிறார். மெதுவாகத் தலையைத் திருப்பி மனைவியைப் பார்த்தார். அவள் லாரியின் டயரை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அறுத்திருக்காங்களா?" என்று கேட்டார் மாஸ்டர்.

கேப்டனுக்கு முகம் சிவந்தது. அவர் ஆட்கள் எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள். எதிரே பாட்டில்காரர்கள். அறுத்தது என்றால் யார் அறுத்தது என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொன்னால், மாதக்கணக்கில் எந்த நெட்டில் எகிறினீர்கள் என்று கேட்பார்கள்.

"தேஞ்சிருக்கு" என்றார் கேப்டன்.

"தேஞ்சதா? இவ்வளவு சமமாவா?"

"எங்க தரை நல்ல தரை சார். ஏத்த இறக்கம் கிடையாது. தேஞ்சா சமமாத்தான் தேயும்."

மாஸ்டர் பூணை அவரிடம் கொடுத்துவிட்டு விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் கேப்டன் மேசையைத் தூக்கி அடியிலிருந்த வில்லையை எடுத்தார். சட்டி மூடியின் குமிழைத் திருகி எடுத்தார். தையல் மெஷின் ஒரு பக்கம் சரிந்தது. ஜன்னல் கதவு படார் படாரென்று அடித்தது. எல்லாவற்றையும் கூடத்துத் தரையில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கோபுரம் ஒரு சாண் உயரத்துக்கு நின்றது.

"இவ்வளவுதான்" என்றாள் அக்கா. "இவ்வளவுக்குத்தான் உங்ககிட்ட கெஞ்சினேன்."

"நான் எகிறினதெல்லாம்?"

அதுவரை வராத வருத்தம் அப்போதுதான் அவளுக்கு வந்தது. மனிதர் இத்தனை நாளும் சின்னப் பையன் மாதிரி சாப்பிட வந்தாரே.

"உப்பைக் குறைச்சேன்னு சொன்னியே" என்றார்.

"குறைக்கத்தான் செஞ்சேன்."

அவர் கோபுரத்தின் உச்சி வில்லையை எடுத்து உருட்டினார். "நாளைக்கு எல்லார்கிட்டயும் சொல்லப்போறேன், நீதான் அறுத்தேன்னு."

"சொல்லுங்க. நான் மறுக்க மாட்டேன். ஆனா பாதி சொல்லக் கூடாது. பொண்ணுங்க நெட்டுலதான் இத்தனை நாள் ஸ்மாஷ் அடிச்சோம்னு அதையும் சேர்த்துச் சொல்லணும். ஏணி கேட்டா ரொம்ப சந்தோஷப்படுவா. அவளும் அதே நெட்டுலதான் அடிச்சா. உங்களை விட ஓங்கி."

ஜன்னல் கதவு இன்னொரு முறை அடித்தது. கேப்டனின் மீசை துடித்தது. கோபம் என்று அவள் நினைத்தாள். அவர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்க ஆரம்பித்தபோதுதான் தெரிந்தது. "ஸ்பிரிங் நெட்டுல மாட்டிக்கிட்டான் தெரியுமா" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மீன் மாதிரி."

திங்கட்கிழமை அவரே மேனேஜரிடம் போனார். மரக்கோல் தேய்கிறது, இரும்பில் ஒன்று வேண்டும் என்றார். பட்டறையில் செய்த இரும்புக்கோலில் இரண்டு குறி வெட்டச் சொன்னார். மேல் குறி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கீழ்க்குறி எதற்கு என்று ஸ்பிரிங் கேட்டான்.

"செவ்வாய், வெள்ளிக்கு."

"நெட்டைத் தினம் ஏத்தி இறக்கினா ஆட்டம் கெடும்னு நீங்கதானேண்ணே சொன்னீங்க?"

"நானே இறக்குறேன், நானே ஏத்துறேன். உனக்கென்னடா வலிக்குது?"

மூன்று மாதக் கெடு முடிந்தபோது மைதானத்தில் பெண்கள் மூன்று அணிக்கு இருந்தார்கள். செவ்வாயும் வெள்ளியும் அவர்களுக்கே நின்றன. கோல் தேய்ந்த விதத்தை அக்கா ஏணியின் காதில் மட்டும் போட்டாள், மற்றப் பெண்களுக்கு அது தானாகப் போய்ச் சேர்ந்தது. ஆண்கள் நெட் மேலே போனதும் கேப்டனின் முழங்கால் வலி திரும்பி வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை நெட்டை இறக்கிக் கட்டிவிட்டு, போகாமல் சங்கிலியைத் தடவிக்கொண்டே நின்றார்.

"என்ன?" என்றாள் அக்கா.

"இல்ல, ஒரு ஆள் குறைஞ்சா சொல்லு. நான் வேணா கொஞ்சம் நிக்கிறேன்."

"ஆள் நிறைய இருக்கு. வெளிய போற பந்தைப் பொறுக்கிப் போட ஒருத்தர் வேணும்."

அவர் பொறுக்கிப் போட்டார். அக்கா ஓய்வு பெறும் வரை பொறுக்கிப் போட்டார். சுவரோரம் வேர்க்கடலை தின்றவர்கள் முதலில் கேலி செய்தார்கள். பிறகு பந்து அவர்கள் பக்கம் வந்தால் அவர்களும் எழுந்து எடுத்துக் கொடுத்தார்கள்.

வில்லைகள் அந்த ஞாயிற்றுக்கிழமை இரவே பழைய இடங்களுக்குத் திரும்பிவிட்டன. இருபது வருடத்துக்கு மேல் அவை நகரவில்லை.

அக்கா போன பத்தாவது நாள், வந்தவர்களெல்லாம் போய்விட்டார்கள். வெளியூரில் இயந்திரங்களோடு வேலை பார்க்கும் மகள் மட்டும் இருந்தாள். அவளால் சும்மா உட்கார முடியவில்லை. கருவிப் பையைத் திறந்தாள். சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, குட்டைக் காலை அளந்தாள். அடியிலிருந்த சிவப்பு விளிம்பு வில்லையைத் தொட்டாள்.

"அப்பா, இந்தக் காலுக்குச் சரியா ஒரு துண்டு வச்சு ஒட்டிடட்டுமா? ஒரு மணி நேர வேலைதான்."

கேப்டன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. தட்டில் கை அப்படியே நின்றது.

"கை வைக்காதே" என்றார். "நெட் ஏறிடும்."